'தி நெகோஷியேட்டர்' நாவல்: படித்தவர்களும் பாதியில் விட்டவர்களும் கேட்கும் கேள்விகள்

ஃபிரெடரிக் ஃபோர்சித் எழுதி 1989இல் வெளிவந்த 'தி நெகோஷியேட்டர்' அளவுக்குப் படித்தவர்களை இரண்டாகப் பிரித்த கடத்தல் நாவல் குறைவு. ஒருவர் "விடிய விடியப் படித்தேன்" என்பார். இன்னொருவர் "பாதிகூடத் தாண்டவில்லை" என்பார். இருவருக்கும் காரணம் இருக்கிறது. இந்த அட்டைக்குள் மூன்று நாவல்கள் இருக்கின்றன. முதலாவது அரசியல் சதி, நடுவில் பேரம், கடைசியில் வேட்டை. எதைத் தேடி வந்தோமோ அதைப் பொறுத்துத்தான் நம் தீர்ப்பு அமைகிறது. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கதையின் முடிச்சை அவிழ்க்கும் கேள்விகள் பின்பகுதியில் வருகின்றன. அந்த இடத்தில் எச்சரிக்கை உண்டு.

கதையைக் கெடுக்காம, என்னதான் கதைன்னு சொல்லுங்க.

அமெரிக்க அதிபர் ஜான் கார்மக்கும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் (இவர் சொந்தப் பெயரிலேயே வருகிறார்) பெரிய ஆயுதக் குறைப்பு ஒப்பந்தத்துக்கு வருகிறார்கள். அதனால் நஷ்டப்படப் போகும் ஆயுதத் தயாரிப்பாளர்களும், தனக்கென வேறு கணக்கு வைத்திருக்கும் ஒரு டெக்சாஸ் எண்ணெய் முதலாளியும் அதைக் கவிழ்க்கப் பார்க்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கும் அதிபரின் மகன் சைமன், காலை ஓட்டத்தின்போது கடத்தப்படுகிறான்.

கடத்தியவர்களோடு பேச அழைக்கப்படுபவன் க்வின். காப்பீட்டு உலகத்துக்காகப் பல கடத்தல் பேரங்களை முடித்துவிட்டு, எல்லாம் போதும் என்று ஸ்பெயின் கிராமத்தில் ஒதுங்கி வாழ்பவன். கடத்தல்காரர்கள் பக்கம் தொலைபேசியில் பேசுபவன் தன்னை 'ஸாக்' என்று சொல்லிக்கொள்கிறான். இந்த இருவரின் குரல்கள்தான் நாவலின் உயிர்.

'தி டே ஆஃப் த ஜாக்கல்' படிச்சு அசந்துட்டேன். அதே ருசி இதுல கிடைக்குமா?

கிடைக்காது. அந்த எதிர்பார்ப்போடு எடுத்தவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். 1971இல் வந்த ஃபோர்சித்தின் 'ஜாக்கல்' ஒற்றைக் கோட்டில் ஓடும் கதை: கொல்ல வருபவன் ஒருவன், தேடுபவர் ஒருவர், நடுவில் ஒரு தேதி. இங்கே வாஷிங்டன், மாஸ்கோ, லண்டன், ஹூஸ்டன், ரியாத் என்று களம் பரந்துகிடக்கிறது. ஆளைவிட அரசு அலுவலகங்கள் அதிகம். இதே ஆசிரியரின் 1979ஆம் ஆண்டு நாவலான 'தி டெவில்ஸ் ஆல்டர்நேட்டிவ்' பிடித்திருந்தால் இதுவும் பிடிக்க வாய்ப்புண்டு. அதுவும் வல்லரசுக் கணக்குகளைப் பின்னித்தான் நகரும்.

ரொம்பப் பக்கம் போயும் யாரையும் கடத்தவே இல்லையே? அந்தப் பக்கங்களைத் தள்ளிட்டுப் படிக்கலாமா?

முழுதாகத் தள்ளினால் பின்னால் ஏன் எது நடக்கிறது என்று புரியாது. இந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது: சோவியத் தரப்பின் எண்ணெய்க் கவலை, அமெரிக்கத் தரப்பின் எண்ணெய்க் கவலை, சவூதி தொடர்பான தனிச் சதி என மூன்று கிளைகள் விரிகின்றன. அவற்றில் சில, கடத்தலோடு சேராமலேயே நின்றுவிடுகின்றன. கட்டுக்கோப்பு தளர்ந்த இடம் இதுதான்.

முதல் பகுதியில் மூன்று விஷயங்களை மனதில் வைத்தால் போதும். ஒப்பந்தம் நிறைவேறினால் யாருக்கு எவ்வளவு போகும், சதிக்காரர்களுக்கு அதிபரைப் பற்றி என்ன தெரியும், அவர்களுக்கு அரசுக்குள் காது எங்கே இருக்கிறது. இவற்றுக்குத் தொடர்பில்லாத ராணுவ விவரங்களை வேகமாகப் புரட்டலாம். க்வின் லண்டனில் இறங்கிய பிறகு ஒரு வரியையும் விடாதீர்கள்.

பேர் எல்லாம் குழம்புது. என்ன பண்றது?

ஒரு துண்டுத் தாளில் மூன்று பத்தி போடுங்கள்: வெள்ளை மாளிகை, லண்டன், சதிக்காரர்கள். துணை அதிபர் ஒடெல், க்வினோடு மோதும் எஃப்.பி.ஐ. அதிகாரி கெவின் பிரவுன், ஸ்காட்லாந்து யார்டின் நைஜல் கிராமர், எஃப்.பி.ஐ. பெண் அதிகாரி சாம் சோமர்வில், எண்ணெய் முதலாளி சைரஸ் மில்லர், களத்தில் வேலை முடிக்கும் முன்னாள் சி.ஐ.ஏ. ஆள் மாஸ். இத்தனை பேர் நினைவில் இருந்தால் கதை பிடிபடும்.

எண்ணெய்க்காக இவ்வளவு தூரம் போவாங்களா? மிகையா தெரியுதே.

எழுதப்பட்ட காலத்தை வைத்துப் பார்க்க வேண்டும். 1973 அரபு எண்ணெய்த் தடையின்போது பீப்பாய் விலை சுமார் 3 டாலரிலிருந்து 12 டாலரை நெருங்கியது. 1979இல் ஈரான் புரட்சி, அதே ஆண்டு நவம்பரில் மெக்கா பெரிய பள்ளிவாசல் முற்றுகை. வளைகுடாவில் எது வேண்டுமானாலும் கவிழலாம் என்ற அச்சம் அப்போது மேற்கில் நிஜமாகவே இருந்தது. பிறகு 1986இல் விலை சரிந்து டெக்சாஸ் எண்ணெய்த் தொழில் படுத்தது. மில்லரைப் போன்ற ஒருவரின் கோபம் அந்த மண்ணில் முளைத்தது.

சந்தேகிக்க வேண்டிய இடம் வேறு. ஒரு நாட்டின் அரச குடும்பத்தையே மாற்றும் திட்டத்தைச் சில தனிமனிதர்கள் வரைபடம் போட்டு முடித்துவிடுவதும், அரபு பாத்திரங்கள் வெறும் காய்களாக நகர்த்தப்படுவதும் நாவலின் பலவீனம். அங்கே வாசகர் முகம் சுளிப்பது சரியே.

அதிபர் பையன் சில காவலர்களோட விடியக்காலையில ஓடப் போவானா? நம்பவே முடியல.

காவலர் எண்ணிக்கையைவிட அன்றாட வழக்கம்தான் ஆபத்து. ஒரே நேரம், ஒரே பாதை என்று ஆகிவிட்டால் பதுங்கிக் காத்திருப்பவனுக்கு வேலை பாதி முடிந்தது. 1978 மார்ச் 16 அன்று ரோமில் முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோ கடத்தப்பட்டபோது அவருடைய 5 மெய்க்காப்பாளர்களும் கொல்லப்பட்டார்கள். அவர் வந்த காருக்குக் குண்டு துளைக்காத கவசம் இல்லை. முந்தைய ஆண்டு செப்டம்பரில் கொலோன் நகரில் தொழிலதிபர் ஷ்லையரைக் கடத்தியபோது ஓட்டுநரும் 3 போலீசாரும் மாண்டார்கள். இரண்டிலும் காவல் இருந்தது. சில நிமிடங்கள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

அதிபரின் பிள்ளை ஆக்ஸ்ஃபோர்டில் படிப்பதும் நடக்காத காரியமல்ல. செல்சி கிளின்டன் 2001இல் அங்கே போனார், தந்தை பதவியை விட்டு இறங்கிய பிறகு. பதவியில் இருக்கும்போதே வெளிநாட்டில் படிக்க அனுப்புவதுதான் ஆசிரியர் எடுத்துக்கொண்ட சுதந்திரம்.

கேட்டதைக் கொடுத்துப் பையனை மீட்டுடலாமே? ஏன் இத்தனை பக்கம் பேரம்?

நாவலின் சிறந்த பகுதியே இதுதான். கேட்டதை உடனே கொடுத்தால் கடத்தியவன், 'குறைத்துக் கேட்டுவிட்டோம்' என்றுதான் நினைப்பான். மறுநாள் தொகை ஏறும். சில சமயம் வாங்கிக்கொண்டு இரண்டாம் தவணை கேட்பான். ஆளை விடுவது தள்ளிப்போகும். 'இனிமேல் கறக்க ஒன்றுமில்லை' என்று அவனே நம்ப வேண்டும். நம்பினால்தான் விடுவான்.

அதற்கு ஒரு கணக்கு உண்டு (இந்த எண்கள் விளக்கத்துக்கு மட்டும், நாவலில் உள்ளவை அல்ல). அவன் 50 லட்சம் டாலர் கேட்கிறான். பேசுபவர் 10 லட்சத்தில் ஆரம்பிக்கிறார். அடுத்து 14, அதற்கடுத்து 16, பிறகு 17, பிறகு 17 லட்சத்து 40 ஆயிரம். ஒவ்வொரு முறையும் ஏற்றம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ சுருங்குகிறது. 4 லட்சம் ஏறியது, பிறகு 2, பிறகு 1, கடைசியில் வெறும் 40 ஆயிரம். கிணற்றில் வாளி தரையைத் தட்டும் சத்தம் மறுமுனைக்குக் கேட்க வேண்டும். உருட்டையான எண்ணைவிட உதிரியான எண் நம்பவைக்கும். வீட்டை அடகு வைத்துத் திரட்டியது போல இருக்கும். ஏற்றத்தை ஒருமுறை தவறிப்போய்ப் பெரிதாக்கிவிட்டால் அதுவரை பேசியது அத்தனையும் வீண்.

இதனோடு உயிர்ச் சான்று, அதாவது பணயக்கைதி இன்னும் உயிரோடு இருக்கிறான் என்பதற்கான ஆதாரம். பத்திரிகையைப் பிடித்தபடி எடுத்த படம் அந்த ஒரு நாளைக்குத்தான் செல்லும். குரலைப் பதிவு செய்து வைத்துப் பிறகு ஒலிக்கவிடலாம். அதனால் பணயக்கைதி மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வியை, எந்த ஏட்டிலும் வராத வீட்டுச் சங்கதியை, ஒவ்வொரு கட்டத்திலும் புதிதாகக் கேட்க வேண்டும். க்வின் இதை விடாமல் செய்வதைக் கவனியுங்கள். ஸாக் எரிந்து விழுந்து போனை வைக்கும் காட்சிகளில்கூட க்வின் பதறுவதில்லை, அடுத்த அழைப்பு வரும் என்று காத்திருக்கிறான்.

க்வின் ஏன் எல்லாரையும் தள்ளி வைக்கிறான்? ஒரு தனி ஆள் கையில அரசாங்கம் இப்படி ஒப்படைக்குமா?

தள்ளி வைப்பதற்குத் தொழில் காரணம் உண்டு. அறையில் பத்து பேர் இருந்தால் பத்து விதமான அவசரம் குரலில் ஏறிவிடும். கென்சிங்டனில் ஒரு குடியிருப்பை எடுத்து, சிலரோடு மட்டும் அங்கே தங்கி, ஒரே குரலாக அவன் பேசுவது அதற்காகத்தான்.

ஆனால் முடிவெடுக்கும் உரிமையையும் அவன் தன் கையில் எடுத்துக்கொள்வது நடைமுறைக்கு எதிரானது. 1972 மியூனிக் ஒலிம்பிக் படுகொலைக்குப் பிறகு நியூயார்க் போலீஸ் இதற்கெனத் தனிப் பிரிவை அமைத்தது. அந்த மரபில் பேசுபவர் வேறு, முடிவெடுப்பவர் வேறு. "மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்ல முடிந்தால்தான் நேரம் கிடைக்கும். முந்தைய பதிலில் சொன்ன மெதுவான ஏற்றத்துக்கும் அந்த நேரம் வேண்டும். நமக்குத் தெரிந்த உதாரணம், 2000 ஜூலை 30 அன்று தாளவாடிப் பக்கம் தொட்டகாஜனூரில் வீரப்பன் நடிகர் ராஜ்குமாரைக் கடத்தியது. தூதுவராகக் காட்டுக்குள் போன நக்கீரன் கோபாலிடம் முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை, இரண்டு மாநில அரசுகளிடம் இருந்தது. ராஜ்குமார் வெளியே வர 108 நாள் ஆனது.

பணமா வாங்காம ஏன் வைரம்?

எடையைப் பாருங்கள். டாலர் நோட்டு எந்த மதிப்பாக இருந்தாலும் ஒன்று ஏறத்தாழ 1 கிராம். நாவலில் முடிவாகும் தொகை 20 லட்சம் டாலர். நூறு டாலர் நோட்டாக வாங்கினால் 20,000 நோட்டு, 20 கிலோ. சந்தேகம் வராமல் செலவழிக்க 20 டாலர் நோட்டு கேட்டால் 1,00,000 நோட்டு, 100 கிலோ. தூக்கிக்கொண்டு ஓட முடியாது. மேலும் ஒவ்வொரு நோட்டிலும் வரிசை எண் உண்டு.

வைரம் காரட் ஆயிரம் டாலர் என்று வைத்தால் 2,000 காரட். ஒரு காரட் 0.2 கிராம் என்பதால் மொத்தமே 400 கிராம், சட்டைக்குள் மறைத்துவிடலாம். சிறு கற்களில் எண் கிடையாது. விற்கும்போது விலை கணிசமாக அடிபடும் என்பதுதான் கடத்தல்காரர்கள் ஏற்க வேண்டிய நஷ்டம்.

போன் எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிச்சா கதை முடிஞ்சிடுமே?

அந்தக் காலத்தில் பழைய மின்-இயந்திரத் தொலைபேசி இணைப்பகங்களில் ஓர் அழைப்பைப் பின்தொடர, பொறியாளர் அடுக்கடுக்காகக் கருவிகளைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். புதிய டிஜிட்டல் இணைப்பகங்களில் நொடிகளில் தெரிந்துவிடும். 1980களின் பிற்பகுதி பிரிட்டனில் இரண்டும் கலந்திருந்தன. எண் தெரிந்தாலும் என்ன கிடைக்கும்? சாலையோரத் தொலைபேசிக் கூண்டு. போலீஸ் போய்ச் சேர்வதற்குள் அவன் பேசிவிட்டுப் போயிருப்பான். மொபைலோடு வளர்ந்தவர்கள் இந்த இடத்தில் சிக்குகிறார்கள், அவ்வளவுதான்.

"கடத்தல்காரங்களோட பேசவே மாட்டோம்"னுதானே அரசாங்கங்கள் சொல்லும்?

சொல்லும். நடப்பது ஒவ்வொரு இடத்திலும் வேறு. மோரோவுக்காகப் பேச மாட்டோம் என்று இத்தாலிய அரசு உறுதியாக நின்றது. 55 நாள் கழித்து, மே 9 அன்று ரோமில் ஒரு ரெனோ காரின் பின்பக்கத்தில் அவர் உடல் கிடந்தது. 1969இல் பிரேசிலில் அமெரிக்கத் தூதர் எல்பிரிக் கடத்தப்பட்டபோது அந்நாட்டு அரசு 15 கைதிகளை விடுவித்தது, அவர் உயிரோடு திரும்பினார்.

இந்த நாவல் வெளிவந்த அதே 1989இல், டிசம்பர் 8 அன்று, இந்திய உள்துறை அமைச்சர் முப்தி முகமது சயீதின் மகள் ரூபையா ஸ்ரீநகரில் கடத்தப்பட்டார். அமைச்சரவை பதவியேற்று ஒரு வாரம்கூட ஆகவில்லை. 5 தீவிரவாதிகளை விட்டபின், டிசம்பர் 13 அன்று அவர் வீடு திரும்பினார். ஆள்பவரின் பிள்ளையே பணயமாகும்போது கொள்கை எவ்வளவு இறுகப் பிடிபடும் என்ற கேள்வியை நாவல் கற்பனையில் கேட்டது. அது கடைக்கு வந்த அதே ஆண்டில் அந்தக் கேள்வி டெல்லி மேசையில் நிஜமாகவே வந்து உட்கார்ந்தது.

எச்சரிக்கை: இதற்குக் கீழே கதையின் திருப்பங்கள் வருகின்றன. படிக்காதவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

வைரம் கைமாறின பிறகும் சைமனை ஏன் கொன்னாங்க? கொல்லணும்னா முதல் நாளே கொன்னிருக்கலாமே?

அதிகம் பேர் ஓட்டை என்று சொல்லும் இடம் இது. ஓட்டை அல்ல. இந்தக் கடத்தலில் இரண்டு அடுக்கு. ஸாக்கும் அவன் கூட்டாளிகளும் கூலிக்கு வந்தவர்கள், அவர்களுக்கு இது பணத்துக்கான கடத்தல்தான். அதனால்தான் பேரம் உண்மையான பேரமாக நடக்கிறது, க்வினாலும் பொய்யை மோப்பம் பிடிக்க முடிவதில்லை. அவர்களை ஏவியவர்களுக்குப் பணம் வேண்டாம். வேண்டியது ஒரு தகப்பன் உடைந்துபோவது.

முதல் நாளே பையன் செத்திருந்தால் அது ஓர் அதிர்ச்சி. நாடு கோபப்பட்டு அதிபருக்குப் பின்னால் திரண்டு நின்றிருக்கும். இங்கே நம்பிக்கை கொடுத்து, நாள்கணக்கில் காக்கவைத்து, "விட்டுவிட்டார்கள்" என்று மூச்சு விடும் கணத்தில் சாலையில் வெடிக்கிறது. குண்டு இருந்தது அவன் இடுப்பில் கட்டியிருந்த பெல்ட்டுக்குள். அது சோவியத் தயாரிப்பு என்று ஆய்வில் தெரியவருகிறது. ஒரே வெடியில் அதிபர் நொறுங்குகிறார், பழி மாஸ்கோ மேல் விழுகிறது, ஒப்பந்தம் தொங்குகிறது. முதல் பகுதி நீண்டதற்கான பலன் இந்த ஒரு பக்கத்தில்தான் கிடைக்கிறது.

நியாயமான கேள்வி வேறொன்று. சோவியத் தயாரிப்புக் குண்டு கிடைத்ததும், 'இவ்வளவு வெளிப்படையாகவா அடையாளம் விடுவார்கள்' என்று வாஷிங்டனில் இன்னும் உரக்கக் கேட்டிருக்க வேண்டும். ஆசிரியர் அதைச் சீக்கிரமாகக் கடந்துவிடுகிறார்.

துக்கத்துல இருக்கார்னு ஓர் அதிபரை இறக்க முடியுமா?

சட்டத்தில் வழி இருக்கிறது. 1967இல் நிறைவேறிய 25ஆம் திருத்தத்தின் 4ஆம் பிரிவுப்படி, துணை அதிபரும் அமைச்சரவைப் பெரும்பான்மையும் சேர்ந்து, "அதிபரால் பணியாற்ற இயலவில்லை" என்று எழுதிக் கொடுத்தால் துணை அதிபர் பொறுப்பேற்பார். அதிபர் மறுத்தால் அவர்கள் 4 நாளுக்குள் மீண்டும் வலியுறுத்தலாம். அப்போது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 21 நாளுக்குள் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் தீர்மானிக்கும். அமைச்சரவை இதைப் பற்றி விவாதிக்கும் காட்சிகள் வறண்டவை என்று சிலர் சொல்கிறார்கள். நல்லவர்களே தயங்கித் தயங்கி அந்தப் பக்கம் நகர்வதால் அவை கனமானவை.

அதிபர் கார்மக்கின் நிலை மிகையும் அல்ல. 1924 ஜூலையில் கால்வின் கூலிட்ஜின் 16 வயது மகன், டென்னிஸ் ஆடியபோது காலில் வந்த கொப்புளம் சீழ்பிடித்து இறந்தான். பதவியின் மகிமை அவனோடு போய்விட்டது என்று கூலிட்ஜ் தன் சுயசரிதையில் எழுதினார். 1862இல் லிங்கனும் வெள்ளை மாளிகையிலேயே மகன் வில்லியைப் பறிகொடுத்தார்.

கடைசிப் பகுதி வேற யாரோ எழுதின மாதிரி இருக்கே?

நடை மாறுவது உண்மை. பேசுபவன் வேட்டைக்காரனாகிறான். க்வினும் சாமும் கூலிப்படை ஆட்களைத் தேடிப் பெல்ஜியம், நெதர்லாந்து, ஃபிரான்ஸ், கோர்சிகா என்று போகிறார்கள். எதிரி ஒரு படி முன்னாலேயே இருக்கிறான். தேடிப் போன ஆள் பிணமாகக் கிடப்பது திரும்பத் திரும்ப வருவதால் வேகம் இருந்தாலும் வியப்பு குறைகிறது. தொலைபேசிக் காட்சிகளில் இருந்த அழுத்தத்துக்கு இது ஈடாகாது. சண்டையும் துரத்தலும் பிடித்தவர்களுக்கு இந்தப் பகுதிதான் பிடிக்கிறது, அவர்களோடு வாதாட ஒன்றுமில்லை.

சாம் சோமர்வில் பாத்திரம் சும்மா காதலுக்கா?

பெரும்பாலும் அப்படித்தான் முடிகிறது. க்வினைக் கண்காணிக்க வந்த அதிகாரி என்ற தொடக்கம் நல்ல தொடக்கம். அந்த இழுபறியை ஆசிரியர் வளர்த்திருக்கலாம்.

இப்ப படிச்சா பழசா தெரியாதா? எதிர்காலம்னு எழுதினது எதுவும் நடக்கலையே?

வெளியான ஆண்டுக்குச் சற்றுப் பிந்திய காலத்தில் கதை நடக்கிறது. கோர்பச்சேவும் தாட்சரும் பதவியில் நீடிப்பார்கள் என்று நம்பி எழுதியது. 1989 நவம்பரில் பெர்லின் சுவர் உடைந்தது, 1990 நவம்பரில் தாட்சர் விலகினார், 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியமே இல்லை. ஒப்பந்தக் கற்பனை மட்டும் வெறும் கற்பனையாக நிற்கவில்லை. 1988 டிசம்பர் 7 அன்று ஐ.நா.வில் கோர்பச்சேவ் 5 லட்சம் படைவீரர்களைக் குறைப்பதாக அறிவித்திருந்தார். 1990 நவம்பரில் பாரிஸில் கையெழுத்தான ஐரோப்பிய ஆயுதக் குறைப்பு ஒப்பந்தம், ஒவ்வொரு தரப்புக்கும் 20,000 டாங்கிகள் என்று வரம்பு வைத்தது. பழசாகிப்போனது வல்லரசு வரைபடம். ஒரு குரல் இன்னொரு குரலை அணுவணுவாக வழிக்குக் கொண்டுவரும் வேலை பழசாகவில்லை.

சாமுவேல் ஜாக்சன் நடிச்ச படம் இந்தக் கதைதானா?

இல்லை. 1998இல் அதே பெயரில் வந்த அந்தப் படம் சிகாகோ போலீஸ்காரர் ஒருவரைப் பற்றியது. பெயர் மட்டுமே ஒன்று.

ஒரு தடவை படிச்சாச்சு. மறுபடி படிக்க அதுல ஏதாவது இருக்கா?

தொலைபேசி அழைப்புகளை மட்டும் வரிசையாக எடுத்துப் படியுங்கள். ஒவ்வோர் அழைப்பிலும் க்வின் எதைக் கொடுத்தான், எதை வாங்கினான், ஸாக்கின் குரல் எந்த அழைப்பில் முதன்முறையாகத் தணிந்தது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். கூடவே, பிடிபட்ட பையனுக்குக் கொடுக்கப்பட்ட ஒவ்வொரு பொருளையும் கவனியுங்கள். முதல் வாசிப்பில் யாரும் நின்று பார்க்காத ஒரு பெல்ட் அதில் இருக்கும்.